நிலாவெளிப் படகுகளுக்கு ஒரு செயலி வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருகோணமலையில், கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு பயிலும் மூவர் சேர்ந்து ஒரு கைபேசிச் செயலி செய்ய எண்ணியிருக்கிறார்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் படகுச் சவாரியையும் தங்குமிடத்தையும் வெளிநாட்டுப் பயணிகள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். "செயலிச் சந்தை நிரம்பிவிட்டது, இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு விழுங்கிவிடும், இதில் இறங்குவது வீண்வேலை" என்று கொழும்பில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் சொல்லிவிட்டாராம். சந்தை உண்மையில் எந்தப் பக்கம் போகிறது, இறங்கலாமா கூடாதா என்பது அவர்களுடைய கேள்வி.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. சந்தை நிரம்பிவிட்டது, ஆனால் அதில் புழங்கும் பணம் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் வருகிறது. மாறியிருப்பது, அந்தப் பணம் யாரிடமிருந்து எதற்காக வருகிறது என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு: ஒரு செயலியை நாளாந்தம் திறக்க வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறதோ, அவருடைய கைபேசியில் மட்டுமே அது நிலைக்கிறது, எப்போதாவது தேவைப்படுபவையெல்லாம் இணையப் பக்கத்துக்குள்ளும் வட்ஸ்அப் உரையாடலுக்குள்ளும் இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்குள்ளும் கரைந்துகொண்டிருக்கின்றன. உங்கள் திட்டத்தின் சிக்கல் செயலி செய்வதில் இல்லை, அதை யாருடைய கைபேசியில் வைக்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பிறகு விளக்குகிறேன். முதலில் சந்தை எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதைப் பார்ப்போம்.

2007-இல் ஐபோன் வெளிவந்தபோது அதில் செயலிக் கடை என்று ஒன்று இருக்கவில்லை. வெளியார் செய்வதெல்லாம் உலாவிக்குள் இயங்கினால் போதும் என்பதே அப்பிளின் முதல் நிலைப்பாடு. அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று கடை திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 500 செயலிகள் அதில் இருந்தன. முதல் வார இறுதியிலேயே ஒரு கோடிப் பதிவிறக்கங்கள் நடந்தன. கூகிளின் கடை அதே ஆண்டு ஒக்டோபரில் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு டோர்ச் லைட் செயலி செய்தவர்கூட விளம்பர வருமானத்தில் பிழைத்துக்கொள்ளலாம். 2013-இல் ஐஓஎஸ் 7 உம் 2014-இல் அன்ட்ரொயிட் 5 உம் டோர்ச்சைத் தம் திரைக்குள்ளேயே வைத்துவிட, அந்தச் செயலிகளின் தேவை ஒரே அடியாக விழுந்தது. தமிழருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தமிழ் உள்ளீடு. கைபேசியில் தமிழ் எழுத 2005 முதல் வழி செய்து கொடுத்தது முத்து நெடுமாறனின் செல்லினம். பின்னாளில் அப்பிளும் கூகிளும் தத்தம் விசைப்பலகைகளிலேயே தமிழைச் சேர்த்துவிட்டன. செல்லினம் இன்றும் இருக்கிறது. ஆனால் தமிழில் ஒரு வரி எழுதுவதற்குத் தனியாக ஒன்றைத் தேடிப் பதிவிறக்கியே ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. ஒரு சிறு செயலி செய்யும் வேலை எல்லாருக்கும் பொதுவானதாக இருந்தால், இயங்குதளம் என்றைக்காவது அதைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வதே நல்லது.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் திருகோணமலையிலிருந்து கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா ஆகிய இடங்களுக்குப் புறப்படும் பஸ்களின் நேர அட்டவணையை ஒரு செயலியாகச் செய்தேன். பஸ் நிலையத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் நின்று, பலகையில் இருந்ததையும் நேரக்கணிப்பாளர் வாயால் சொன்னதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து தட்டச்சு செய்தது நினைவிருக்கிறது. மூன்று வாரத்தில் நிரல் எழுதி முடித்தேன். நான்காம் மாதத்தில் நேரங்கள் மாறின. எனக்கு யாரும் சொல்லவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளைகளோடு வந்து நின்று பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர் எழுதிய விமர்சனத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. விளம்பரப் பணம் 100 டொலரைத் தொட்டால்தான் கைக்கு வரும் என்ற விதியினால், முதல் கொடுப்பனவுக்குப் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். நிரல் எழுதுவது அந்தத் தொழிலின் மிகச் சிறிய பங்கு என்பதை, அதற்குள் ஓரளவு அவமானப்பட்டே கற்றுக்கொண்டிருந்தேன்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். சந்தையை அளக்கும் சென்சர் டவர் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலகெங்கும் செயலிகளுக்குள் மக்கள் செலவிட்ட தொகை ஏறத்தாழ 150 பில்லியன் டொலர். முந்தைய ஆண்டைவிட இது 13 வீதம் அதிகம். அதே ஆண்டு பதிவிறக்கங்கள் ஏறத்தாழ 136 பில்லியன். அது முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை விளங்கும். புதிதாகக் கைபேசி வாங்கி ஆசையோடு செயலிகளை இறக்கிப் பார்க்கும் கூட்டம் பெருகவில்லை. ஏற்கெனவே ஐந்தாறு செயலிகளோடு வாழப் பழகிவிட்டவர்கள், அந்த ஐந்தாறுக்குள்ளேயே கூடுதலாகச் செலவிடுகிறார்கள். முன்பு செலவில் பெரும்பங்கு விளையாட்டுகளுக்கே போனது. 2024-இல் காணொளி, மொழி கற்றல், உடற்பயிற்சி, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் போன்ற விளையாட்டல்லாத செயலிகள் அந்த இடைவெளியை வேகமாக மூடிக்கொண்டு வந்தன.

இதற்குப் பெருங்காரணம் சந்தா. 2016-இல் அப்பிள் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தா முறையைத் திறந்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் தொடரும் சந்தாக்களில் தன் பங்கை 30 வீதத்திலிருந்து 15 வீதமாகக் குறைத்தது. அதன் பிறகு, ஒரு முறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் செயலி அரிதாகிவிட்டது. செய்பவருக்கு இது நல்லதுதான், மாதாமாதம் வருமானம் வரும். ஆனால் நமது ஊர்க் கணக்கு வேறு. மாதம் 10 டொலர் என்ற சந்தா 2022-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாயாக இருந்து, அதே ஆண்டு மே மாதத்தில் 3,600 ரூபாய் ஆனது. சந்தாவை அன்றைக்கு நிறுத்தியவர்கள் பலர், ரூபாய் ஓரளவு தேறிய பின்பும் திரும்பி வரவில்லை. மேலும், வாடைக்காற்று தொடங்கியதும் உப்புவெளியில் பாதி அறைகள் பூட்டுப்போட்டுக் கிடக்கும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை உழைத்து ஆண்டு முழுவதும் சாப்பிடும் ஒரு விடுதிக்காரரிடம் பன்னிரண்டு மாதச் சந்தா கேட்பது, உலகச் சந்தைக்குச் சரியாகவும் திருகோணமலைக்குப் பிழையாகவும் இருக்கும் ஒரு விடயம்.

அடுத்தது கடைக்காரர்களின் பங்கு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சந்தையின் அடித்தளமே இங்கேதான் அசைகிறது. அப்பிளும் கூகிளும் செயலிக்குள் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் 30 வீதம் எடுத்துக்கொண்டு, தங்கள் கொடுப்பனவு முறையைத் தவிர வேறெதையும் காட்டக்கூடாது என்றும் விதித்திருந்தன. 2020 ஓகஸ்டில் எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்னைட் விளையாட்டுக்குள் வேண்டுமென்றே சொந்தக் கொடுப்பனவு முறையை வைத்தது. இரு கடைகளும் அன்றே அதை நீக்கின. எபிக் வழக்குத் தொடுத்தது. கூகிளுக்கு எதிரான வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி எபிக்கின் பக்கம் தீர்ப்பளித்தது. அப்பிள் வழக்கில் எபிக் பெரும்பாலும் தோற்றது, ஆனால் வெளி இணைப்பைக் காட்ட அனுமதிக்க வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் வென்றது. அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டு, வெளியில் நடக்கும் விற்பனைக்கும் 27 வீதம் கேட்டது அப்பிள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் இதை நீதிமன்ற உத்தரவை அவமதித்த செயல் என்று தீர்மானித்து, அந்தக் கட்டணத்தைத் தடுத்தார்; வழக்கு அதன் பிறகும் மேல்நீதிமன்றத்தில் தொடர்ந்தது. தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் அமெரிக்காவில் கிண்டில் செயலியில் நூலை வாங்குவதற்கு இணையத்துக்குக் கொண்டு செல்லும் பொத்தான் தோன்றியது; அதுவரை ஐபோன் கிண்டிலில் நூல் வாங்குவதற்கு வழியே இருக்கவில்லை என்பதைப் பலர் அன்றைக்குத்தான் கவனித்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நீதிமன்றத்துக்குக் காத்திராமல் சட்டம் இயற்றியது. டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடப்பாடுகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததோடு, அங்குள்ள ஐபோன்களில் மாற்றுக் கடைகள் திறக்க வழி பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வெளிச் சலுகைகளைப் பயனருக்குச் சொல்லவிடாமல் தடுத்ததற்காக அப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஜப்பானின் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக அமுலுக்கு வந்தது. பெரிய நாடுகளில் அடைக்கப்பட்டிருந்த கதவு ஒவ்வொன்றாகத் திறக்கிறது. இலங்கையில் இதனால் உடனடியாக எதுவும் மாறவில்லை. ஆனால் சிறியவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தளர்வு உண்டு. ஆண்டுக்கு 10 இலட்சம் டொலருக்குக் குறைவாக ஈட்டும் செய்பவர்கள் அப்பிளின் சிறுவணிகத் திட்டத்தில் சேர்ந்தால், 2021 முதல் அது 15 வீதமே எடுக்கிறது. கூகிளும் அதே ஆண்டு ஜூலையிலிருந்து முதல் 10 இலட்சம் டொலருக்கு அதே வீதத்துக்கு இறங்கியது. இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும்: இந்தப் பங்கு டிஜிட்டல் பொருளுக்கு மட்டுமே. படகுச் சவாரி, அறை வாடகை, ஓட்டோ ஹயர் போன்று உடலோடு நடக்கும் சேவைக்குக் கடைகள் எதுவும் எடுப்பதில்லை. ஆகவே உலகமே அடித்துக்கொள்ளும் அந்த 30 வீதம் உங்கள் திட்டத்தைத் தொடவே தொடாது.

உங்களைத் தொடுவது வேறு: நுழைவாயில் இறுகுகிறது. கூகிளின் கடையில் கணக்குத் திறக்க ஒரு முறை 25 டொலர், அப்பிளில் ஆண்டுதோறும் 99 டொலர் என்பது பழைய செய்தி. 2023 நவம்பர் 13-க்குப் பின் திறக்கப்பட்ட தனிநபர் கூகிள் கணக்குகள், செயலியை வெளியிடும் முன் ஒரு மூடிய குழுவிடம் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைக்கப்பட்டது. பன்னிரண்டு பேர் என்பது சொல்வதற்கு இலகு. பதினான்கு நாட்களும் அவர்கள் விலகாமல் இருக்கச் செய்வது, கலியாண வீட்டுப் பந்திக்கு ஆள் பிடிப்பதைவிடக் கடினம். ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் இறுதிக்குள் புதிய அன்ட்ரொயிட் பதிப்புக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. விட்டுவிட்டால் புதிய கைபேசிகளில் உங்கள் செயலி கண்ணிலேயே படாது. தரமற்றவற்றை ஒதுக்கும் விதிகளை 2024-இல் கூகிள் கடுமையாக்கியதைத் தொடர்ந்து, 34 இலட்சமாக இருந்த அதன் கடைச் செயலிகள் ஏறத்தாழ 18 இலட்சமாகக் குறைந்துவிட்டன என்று ஆப்ஃபிகர்ஸ் நிறுவனம் கணக்கிட்டது. என் பஸ் அட்டவணை போன்றவை எல்லாம் இப்படிக் குப்பைக்குப் போனவைதான். போனதில் எனக்கு வருத்தமில்லை.

கடைக்கு வெளியே செயலிகள் பரவும் வழியும் ஒடுங்குகிறது. நம் ஊரில் பஸ் நிலையத்தை ஒட்டிய கைபேசிக் கடைகளில், புதுக் கைபேசி வாங்குபவருக்குத் தேவையானவற்றையெல்லாம் தம் கணினியிலிருந்தே பிரதி செய்து போட்டுக் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. டேட்டா மிச்சம் என்பதால் வாங்குபவருக்கும் மகிழ்ச்சி. செயலிக் கடையில் இருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும், செய்தவர் தம் அடையாளத்தைக் கூகிளிடம் உறுதிப்படுத்தியிருந்தால்தான் சான்றிதழ் பெற்ற அன்ட்ரொயிட் கைபேசிகளில் செயலியை நிறுவ முடியும் என்ற விதியை 2025 ஓகஸ்டில் அந்த நிறுவனம் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் 2027 முதல் ஏனைய நாடுகளிலும் நடைமுறைப்படுத்துவது திட்டம். எதிர்ப்புக் கிளம்பவே, அபாயத்தை உணர்ந்து நிறுவும் அனுபவசாலிகளுக்கு ஒரு மாற்றுவழி இருக்கும் என்று பின்னர் சொன்னது. மோசடிச் செயலிகளால் வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால் இந்த விதியை முற்றாக எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், ஐரோப்பாவில் சட்டம் கதவைத் திறக்கும் அதே காலத்தில் அன்ட்ரொயிட் தன் பின்கதவை மூடுவது கவனிக்க வேண்டிய முரண்.

விளம்பரத்தை நம்பியிருப்பது இனி உதவாது என்பதை ஒரே செய்தியால் சொல்லிவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, ஒருவரைப் பல செயலிகளுக்கூடாகப் பின்தொடர்வதற்கு அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று ஆக்கியது. அதனால் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 10 பில்லியன் டொலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டாவே சொல்ல வேண்டியதாயிற்று. மெட்டாவுக்கே அந்த நிலை என்றால், திருகோணமலையில் இருந்துகொண்டு விளம்பரப் பணத்தில் செயலி நடத்துவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இனி அண்ணன் பயமுறுத்திய செயற்கை நுண்ணறிவு. இது சந்தையை இரண்டு பக்கமிருந்து அசைக்கிறது. ஒரு பக்கம், நிரல் எழுதும் செலவு சரிகிறது. 2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தபோது அது சில வரிகளை முடித்துக் கொடுத்தது. இன்றைய கருவிகள் ஒரு முழுச் செயலியின் முதல் வடிவத்தை ஒரு மாலைப்பொழுதில் கொண்டு வந்து நிறுத்துகின்றன. மூன்று வாரத்தில் நான் செய்ததை நீங்கள் இன்று மூன்று மணித்தியாலத்தில் செய்வீர்கள். வேறு ஆயிரம் பேரும் அப்படியே செய்வார்கள். அப்போது நிரலுக்கென்று தனி மதிப்பு இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு உண்மையிலேயே புறப்படுகிறது என்ற தகவலுக்கும், அதை உங்களுக்குச் சொல்லும் மனிதருக்கும் மதிப்பு கூடும்.

மறுபக்கம், செயலியின் முகமே மறையத் தொடங்குகிறது. சட்ஜிபிடியின் கைபேசிச் செயலி 2023 மே மாதத்தில் வந்தது. 2025 ஒக்டோபரில், அதன் உரையாடலுக்குள்ளேயே புக்கிங், எக்ஸ்பீடியா, ஸ்பொட்டிஃபை போன்றவற்றை அழைத்துப் பயன்படுத்தும் வசதியை ஓபன்ஏஐ அறிவித்தது. "ஜூலையில் திருகோணமலையில் கடலோரத்தில் இருவருக்கு ஓர் அறை" என்று பயணி எழுதினால், பதில் அங்கேயே வந்துவிடும். எந்தச் செயலியின் முதல் பக்கத்தையும் அவர் பார்க்கப் போவதில்லை. சீனாவில் வீசட் என்ற உரையாடல் செயலி 2017-இலிருந்தே, தனக்குள்ளேயே இயங்கும் சிறுநிரல்களால் இதைப் போன்ற ஒன்றைச் செய்து காட்டிவிட்டது. அறிவித்ததெல்லாம் உடனே நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தன் குரல் உதவியாளரான சிரியின், செயலிகளுக்குள் புகுந்து வேலை செய்யும் புதிய வடிவத்தை 2024 ஜூனில் காட்டிய அப்பிள், 2025 மார்ச்சில் அதைப் பின்போட்டது. வட்ஸ்அப்பை முழுமையாக நம்புவதும் ஆபத்து. அதன் வணிகத் தளத்தில் பொதுவான செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை 2026 ஜனவரி 15 முதல் அனுமதிப்பதில்லை என்று மெட்டா ஒரே அறிவிப்பில் முடித்துவிட்டது. தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் ஒரு வணிகத்தின் தானியங்கிக்கு அந்தத் தடை இல்லை என்பதால் உங்களுக்குப் பாதிப்பில்லை, ஆனால் அடுத்தவர் வளவில் குடில் போடுவது எத்தகையது என்பது தெரிந்திருக்கட்டும்.

நாட்டுக்குள் வந்தால், இலங்கையர் செயலிகளுக்குப் பழகாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்தபோது, அதுவரை கியூஆர் என்ற சொல்லையே கேட்டிராத மீனவரும் கமக்காரரும் ஒரு வாரத்தில் அதைக் கைபேசியில் காட்டவும், தாளில் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடவும் கற்றுக்கொண்டார்கள். வாடகை வாகனச் செயலியான பிக்மீயின் நிறுவனம் 2024-இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பணம் செலுத்துவதற்கான லங்காகியூஆர் பலகை இப்போது பழக்கடையிலும் தொங்குகிறது. தேவை அழுத்தினால் மக்கள் கற்கிறார்கள். அழுத்தாவிட்டால் எத்தனை அழகான திரை இருந்தாலும் திறப்பதில்லை.

திருக்கடலூரில் எனக்குப் பழக்கமான மீன் வியாபாரி ஒருவரின் கைபேசியைப் பற்றிச் சொல்கிறேன், அது எந்த ஆய்வறிக்கையையும்விட எனக்குக் கற்றுத் தந்தது. திரையின் ஒரு மூலை வெடித்த, 32 ஜிபி கொள்ளளவுள்ள அன்ட்ரொயிட். காலையில் ஏலம் நடக்கும்போதே அறக்குளாவைத் தராசோடு சேர்த்துப் படம் எடுத்துக் கண்டியிலுள்ள வாங்குபவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். விலையைக் குரல்பதிவாகச் சொல்வார். பணம் வந்ததற்கு வங்கிச் செயலியின் திரைப்பிடிப்பைப் பெற்றுக்கொள்வார். மீன்களின் படங்களே கொள்ளளவை நிரப்பிவிடும். இடம் இல்லையென்று கைபேசி கத்தும்போதெல்லாம் மகள் எதையாவது அழித்துக் கொடுப்பாள். விலைகளைப் பதிந்து வைக்கும் ஒரு செயலியை நான் போட்டுக் காட்டியபோது, பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனா இதில இடம் இல்ல, வேற ஒண்டும் போடாதீங்க" என்றார். அவர் சொன்ன இடம் கொள்ளளவை மட்டும் குறிக்கவில்லை. அவர் ரீலோட் பண்ணுவது சமூக ஊடகங்களுக்கு மட்டும் செல்லும் மலிவான டேட்டாப் பொதி. என் செயலியைத் திறந்தால் வேறு கணக்கில் காசு போகும். அந்த விலைப்பதிவை வட்ஸ்அப்புக்கே செய்தியாக அனுப்பும்படி மாற்றிக் கொடுத்தேன். அதைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்.

இப்போது உங்கள் படகுக்கு வருவோம். தேசியப் பூங்காவான புறாத்தீவைப் பார்க்க வரும் ஜெர்மன்காரர் நிலாவெளியில் தங்குவது இரண்டு இரவு, மிஞ்சினால் மூன்று. அந்த மூன்று நாளுக்காகத் தன் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, கடனட்டை இலக்கத்தைக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். அவர் செய்யமாட்டார். தங்குமிடத்துக்கு அவருக்கு ஏற்கெனவே உலகச் செயலிகள் உண்டு. அந்தப் பகுதியை உங்கள் திட்டத்திலிருந்து இன்றே வெட்டிவிடுங்கள். படகுக்கு விடுதிக்காரரைக் கேட்பார், அல்லது கடற்கரைப் பலகையிலுள்ள வட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுதுவார், இனிமேல் ஓர் உரையாடியைக் கேட்பார். அவருக்கு வேண்டியது வேகமாகத் திறக்கும் ஓர் இணையப் பக்கம்: எந்த மாதங்களில் கடலில் இறங்கலாம், ஒரு படகில் எத்தனை பேர், என்ன விலை, அதில் பூங்கா அனுமதிக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா, காற்று எழுந்து பயணம் நின்றால் முற்பணம் என்னவாகும் என்பவை படத்துக்குள் எழுதப்படாமல் எழுத்தாகவே தெளிவாக இருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால்தான் தேடுபொறியும் உரையாடியும் படித்து அவருக்குச் சொல்லும். அதைப் பலகையில் கியூஆராக ஒட்டிவிடுங்கள். இதற்கு உங்கள் மூவருக்கும் ஒரு வாரம் போதும்.

நாளாந்தம் திறக்கப்படும் செயலி படகுக்காரருடையது. அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் திகதி, அனுப்பிய விடுதியின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, எங்கே போனது, வாங்கிய முற்பணம், எரித்த எண்ணெய், ஆட்களைக் கூட்டிவந்த ஓட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கொமிஷன் எல்லாம் உப்புத்தண்ணீர் பட்டு மை பரந்த நிலையில் எழுதப்பட்டிருக்கும். பருவத்தின் முடிவில் அந்தக் கொமிஷன் கணக்கில்தான் சண்டை வரும். இரண்டு பேர் மட்டும் வந்து நின்று படகுச் செலவு கட்டாமல் தவிக்கும்போது, அடுத்த படகில் இடம் இருக்கிறதா என்று அறிய அவர் நான்கு பேருக்குத் தொலைபேசி எடுக்கிறார். இதைத் தீர்க்கும் ஒரு செயலி, தமிழிலும் சிங்களத்திலும், வலையமைப்பு இல்லாத கடலிலும் பதிந்துகொண்டு கரைக்கு வந்ததும் அனுப்பிவிடும்படி இருந்தால், அது அவர் கைபேசியில் இடம் பிடிக்கும். உலாவிக்குள் இதை நம்பிச் செய்வது கடினம். இங்கேதான் உண்மையான செயலிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அளவில் சிறியதாகச் செய்யுங்கள். எட்டு ஆண்டு பழைய கைபேசியில் ஓடாவிட்டால் செய்ததாகவே கணக்கில் எடுக்காதீர்கள். கட்டணத்தை மாதச் சந்தாவாக வைக்காமல் ஹயருக்கு இவ்வளவு என்று வையுங்கள். வாடையில் படகு கரையில் கிடக்கும்போது அவரும் எதுவும் கட்டத் தேவையில்லை, உங்கள் செயலியும் அவருடைய கைபேசியில் இருந்து அழிக்கப்படமாட்டாது. பன்னிரண்டு சோதனையாளர்களும் அங்கேயே கிடைப்பார்கள்.

நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் படகுகளை மேலே இழுத்துப் போட்டுவிட்டு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு இருப்பார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கும் காலம் அதுதான். மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போன பருவத்துக் கொப்பியைக் கேட்டு வாங்கி, படம் எடுக்காமல், ஒரு மாதத்துப் பக்கங்களை உங்கள் கையாலேயே வேறொரு கொப்பியில் பிரதி எழுதுங்கள். எந்த இடத்தில் அவர் வெட்டித் திருத்தியிருக்கிறார், எந்த வரியின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டுங்கள். திரை எப்படி இருக்க வேண்டும் என்று அதன் பிறகு பேசலாம்.